தாமதத்துக்கான காரணம்

ராக்கெட் என்றால் எங்களுக்குத் தெரியும்.
வால் இருக்கும். கொஞ்சம் பொறுத்துச் சத்தம் வரும்.
மறுநாள் பையன்கள் லாரியை எடுத்துக்கொண்டு
தகரம் பொறுக்கப் போவார்கள்.
துலேகன் வீட்டுக் கோழிக்கூண்டின் கூரை
ஒரு காலத்தில் வானத்தின் விளிம்புவரை போய்வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அது ராக்கெட் இல்லை.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
காற்று நின்றுபோயிருந்தது, ஸ்டெப்பி வெளியில் அதுவே அபூர்வம்.
கேபினில் நான், இரும்பு அடுப்பு,
அடுப்புக்கு மேலே கொடியில் என் காலுறைகள்.
தானிய வண்டிக்குப் பச்சை கொடுத்துவிட்டு
ஜன்னலைத் துடைத்தேன்.

தண்டவாளம் இரண்டும் வெளுத்துக் கிடந்தன.
நிலா அன்றைக்கு இல்லை.

மேற்கே, தந்திக் கம்பங்களுக்கு மேலே
(எவ்வளவு மேலே என்று கேட்காதீர்கள்,
இங்கே உயரத்தை அளக்க எதுவும் நிற்பதில்லை)
ஒரு வெளிச்சம்.
சிமிட்டவில்லை. நகரவில்லை.
வெல்டிங் பொறியைப் பார்த்துவிட்டால்
கண்ணுக்குள் ஒரு புள்ளி தங்கிவிடுமே,
அது கண்ணைவிட்டு வெளியே போய் நின்றதுபோல.
பின்சுவரில் என் நிழல் விழுந்திருந்தது.
பக்கத்தில் கெட்டிலின் நிழல்.
அதற்கு அவ்வளவு நீள மூக்கென்று
அன்றுதான் கவனித்தேன்.

போன் அடித்தது. அடுத்த நிலையத்து ஷோல்பன்.
"உன் பக்கமும் தெரிகிறதா?"
"தெரிகிறது. வெள்ளிக் கிரகமோ?"
"வெள்ளி இங்கே உட்கார்ந்து ரொட்டி தின்கிறாள்."
கஜக் மொழியில் அவள் பெயருக்கு அதுதான் அர்த்தம்.
சிரித்தோம்.
சிரித்து முடித்த பிறகும்
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

தானிய வண்டி வந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பச்சைக்கு முன்னால்,
பச்சையைப் பார்த்துக்கொண்டே, நின்றது.
இருபது வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம்
சிவப்புக்கு நின்ற வண்டிகள்தான்.
டிரைவர் கெய்ஸ்லர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.
அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றுகிறவனுக்குக் காது மிஞ்சாது.
நானும் வெளியே போனேன்.
என்ன பேசுவது.
எஞ்சின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
பனிமேல் ஒரு நரி உட்கார்ந்திருந்தது,
எங்களைச் சட்டை செய்யாமல்.

பிறகு, இல்லை.
அணையவில்லை, போகவில்லை. இல்லை, அவ்வளவுதான்.
முன்வரிசையில் உயரமான ஆள் எழுந்துபோன மாதிரி
நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பித்தன.

பதினொரு நிமிஷத் தாமதம்.
பதிவேட்டில் காரணம் எழுத
தீப்பெட்டி அகலத்தில் ஒரு கட்டம்.
பனி, சிக்னல் கோளாறு, கால்நடை
இதில் எதையாவது எழுதலாம்.
கெய்ஸ்லர் காதைத் தேய்த்துக்கொண்டே
"ஒட்டகம் என்று போடு" என்றார்.
போட்டேன். எண்ணிக்கை: ஒன்று.

மூன்றாவது வாரம் கோட்ட அலுவலகத்துக் கடிதம்.
மேற்படி ஒட்டகம் யாருடையது? நிறம்? சூட்டுக்குறி உண்டா?
தண்டவாளத்தில் கால்நடையை அலையவிட்ட குற்றத்துக்கு
அபராதம் விதிக்க ஏதுவாக
உரிமையாளரின் பெயரைத் தெரிவிக்கவும்.

எங்கள் பக்கம் ஒட்டகம் வைத்திருப்பவர்கள் நான்கு பேர்.
ஒருவர் எனக்குக் கடன்காரர். இருந்தும்
யார் தலையில் கட்ட மனசு வரும்?

நிறம், வெள்ளை என்று எழுதினேன்.
சூட்டுக்குறி இல்லை.
உரிமையாளர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
வெளியே ஒரு நிலக்கரி வண்டி முழுசாகக் கடந்துபோனது.
பிறகு எழுதினேன்:
உல்மெகென், சிக்னல் பணியாளர், இரண்டாம் நிலை.

சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.
ரசீதைக் கண்ணாடியின் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.
இரவுப் பணியில், வானம் தெளிவாக இருந்தால்,
மேற்கு ஜன்னலை இரண்டு தடவை துடைக்கிறேன்.
பணம் கட்டியிருக்கிறேன் அல்லவா.